கல்லறைத் தோட்டத்து மதிலும் பாரம்பரியச் சட்டமும்

மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் உச்சியில் கூரையின்றி நிற்கும் செம்புராங்கல் சுவர்களைப் பழைய மாதாகோவிலின் இடிபாடு என்றே எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். 1521இல் துவார்த்தே கோயெல்யோ என்ற போர்த்துக்கீசியர் அங்கே மரியன்னைக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1548இல் அது இயேசு சபையாரின் கைக்கு வந்து, பின்னர் மாடியும் கோபுரமும் பெற்றது. 1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். குன்றின் அடிவாரத்தில் கிறிஸ்து ஆலயம் 1753இல் கட்டி முடிந்ததும் மேலே வழிபாடு நின்றுபோனது. அதன்பின் அந்தச் சுவர்களுக்குள் இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். இடையில் ஆங்கிலேயர் வெடிமருந்தும் வைத்திருந்தார்கள். ஆக, ஆலயச் சுவராக அது இருந்தது 232 ஆண்டு. கல்லறைத் தோட்டத்தின் மதிலாக நிற்கத் தொடங்கி 270 ஆண்டு கடந்துவிட்டது. நியாயப்படி அதைக் கல்லறை மதில் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் காரணம் உண்டு. பாரம்பரியப் பாதுகாப்பு என்றதும் சட்டத்தின் கண்ணும் அதிகாரிகளின் கண்ணும் கட்டடத்தின் மேல்தான் போகின்றன. முகப்பு, மணிக்கூண்டு, பலிபீடம், வண்ணக் கண்ணாடி என்று வரிசையாக எழுதுவார்கள். சுற்றியுள்ள கல்மதில் அந்த வரிசையில் வராது. வந்தாலும் கடைசியில், போனால் போகட்டும் என்று ஒட்டவைத்ததுபோல வரும். அதனால் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுவது மதில். கார் நிறுத்த இடம் போதவில்லை என்றால் உடைவதும் அதுவே. என் வாதம் ஒன்றுதான்: பழைய கல்லறைத் தோட்டத்து மதிலை, ஆலயத்தின் வால்போல இணைக்காமல், அதன் சொந்தப் பெயரிலேயே பாரம்பரியச் சொத்தாகப் பதிவு செய்ய வேண்டும். ஆலயம் போன பின்னும், சில இடங்களில் கல்லறைகளே போன பின்னும், எஞ்சி நின்று சாட்சி சொல்வது மதிலாகவே இருக்கிறது. ஜொகூரிலுள்ள நம் செனாயிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள மலாக்காவும், தெற்கே பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரும் இதற்குப் போதிய சான்று தருகின்றன.

கல்லிலிருந்தே தொடங்கலாம். செம்புராங்கல் மண்ணுக்கடியில் ஈரத்தோடு இருக்கும்போது இரும்புக் கருவியால் எளிதாக வெட்டுப்படும். வெளியே எடுத்துக் காற்றுப்பட்டால் இறுகிவிடும். மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் இதைப் பார்த்து லேட்டரைட் என்று பெயரிட்ட பிரான்சிஸ் புக்கானனின் பயண நூல் 1807இல் அச்சானது. அதே 1807இல்தான் இந்தக் கல்லால் கட்டிய ஆசியாவின் பெயர்பெற்ற கோட்டைகளில் ஒன்றை, மலாக்காக் கோட்டையை, ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்கினார்கள். வெறும் தற்செயல்தான், இருந்தாலும் குறித்துவைக்கத் தக்கது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகெர்க், பள்ளிவாசலிலிருந்தும் சுல்தான்களின் கல்லறைகளிலிருந்தும் பிடுங்கிய கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார். இது எதிரிகள் கட்டிவிட்ட கதை அன்று. போர்த்துக்கீசியரே பெருமையாக எழுதிவைத்த செய்தி. ஒரு சமயத்தாரின் கல்லறைக் கல் இன்னொரு சமயத்தாரின் கோட்டை மதிலில் ஏறியது. அந்தக் கோட்டை சூழ்ந்த குன்றின்மேல் மூன்றாவது ஆட்சியாளரான டச்சுக்காரரின் பிணங்கள் பிறகு அடங்கின.

கோட்டை இடிபட்டதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த மலாக்காக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் தமிழும் படித்தவர் அவர். அப்போது மலாக்காவில் ரெசிடெண்டாக இருந்தவர் வில்லியம் ஃபார்க்குவார். டச்சுக்காரரிடம் ஊரைத் திருப்பித் தர நேர்ந்தால் கோட்டை அவர்களுக்கு உதவக்கூடாது என்பது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எண்ணம். கோட்டையில் பேய் குடியிருக்கிறது என்று கூலியாட்கள் பயந்ததையும், கடப்பாரைக்கு மசியாத மதிலைக் கடைசியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்ததையும் அப்துல்லா விவரிக்கிறார். தகர்ப்பு முழுமை பெறாமல் ஒரு வாசல் தப்பியது. டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் பொறித்த அந்த வாசலைத்தான் இன்று பள்ளிப் பிள்ளைகள் பாடநூலில் பார்க்கிறார்கள். மலாக்காவையே கைவிட்டுவிடும் எண்ணத்தை ஆங்கிலக் கம்பெனி மாற்றிக்கொண்டதில் ராஃபிள்ஸ் 1808இல் எழுதிய அறிக்கைக்குப் பங்கு உண்டு. குன்றின் மேலிருந்த மதில் அந்த வெடிமருந்துக்கு இரையாகாமல் தப்பியது.

அந்த மதிலின் உட்பக்கத்தை நெருங்கிப் பார்த்தால் என் வாதத்தின் நடுப்பகுதி கிடைத்துவிடும். சிவந்து, புழுத் துளைத்ததுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும் செம்புராங்கல் அடுக்குகள்மேல், ஆளுயரத்தையும் தாண்டிய கற்பலகைகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. குடும்ப முத்திரை, மண்டையோடு, கீழே லத்தீனிலோ போர்த்துக்கீசிலோ டச்சிலோ ஆழமாக வெட்டிய எழுத்து. ஒரு கல் ஜப்பானின் இரண்டாம் ஆயராக இருந்த பேதுருவுடையது. இயேசு சபையாரான அவர் 1598 பிப்ரவரியில் சிங்கப்பூர் நீரிணையில் இறந்தார் என்கிறது அது. ஜொகூரின் கரையோரம் கடலில் இறந்த ஓர் ஆயருக்கு நம் வட்டாரத்தில் இருக்கும் நினைவுச்சின்னம் அந்தப் பலகைதான். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிவிட்டு மயிலாப்பூரிலிருந்து 1545இல் மலாக்காவுக்குக் கப்பலேறிய சவேரியாரின் உடலும், கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் கிடந்தது. குன்றின் சரிவில் டச்சுக் கல்லறைத் தோட்டம் என்று பெயர் வாங்கிய இடத்தில் டச்சுக் கல்லறை ஐந்து, ஆங்கிலேயரின் கல்லறை முப்பத்து மூன்று. மலாக்காவை அடுத்த நானிங்கில் நடந்த போரில் இறந்த அதிகாரிகளும் அங்கே இருக்கிறார்கள். 1905இலேயே ஆர். என். பிளாண்ட் இந்தக் கற்களைப் படியெடுத்து நூலாக்கினார். பலகைகள் நிற்க முடிவது பின்னால் மதில் இருப்பதால். மதில் சரிந்தால் அவையும் உடையும். எழுத்து அத்தனையும் போகும்.

கல்லை எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்தால் போதாதா, மதில் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஏனென்றால் இரண்டு ஊர்களில் அப்படித்தான் செய்தார்கள். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி ஆலயத்தின் முற்றத்தில் பாவியிருக்கும் கற்கள் அங்கே புதைக்கப்பட்டவர்களுடையவை அல்ல. கோட்டைக்கு வெளியே, இப்போது நீதிமன்ற வளாகம் இருக்கும் பக்கம், இடுகாடு இருந்தது. 1758–59இல் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் அவற்றைத் தரைமட்டமாக்கிப் பலகைகளை ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்து பிழைத்தது, எலும்பு எங்கே, யார் பக்கத்தில் யார் கிடந்தார் என்ற செய்தி தொலைந்தது. பழைய இடத்தில் தனித்து நின்ற ஹின்மர்ஸ், டேவிட் யேல் இருவரின் கல்லறையை அப்புறப்படுத்துவது பற்றிய வழக்கு நம் காலத்தில் உயர் நீதிமன்றம் வரை போனது. சுற்றிலும் இருந்தவை போனபின் எஞ்சியது கேட்பாரற்ற தூணாகத் தோன்றுவது இயல்புதானே.

சிங்கப்பூரின் கேனிங் குன்றில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 1822 முதல் 1865 வரை அங்கே அறுநூறு பேர் அளவில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சீனக் கிறிஸ்தவர்கள். இந்தியக் கைதிகளின் உழைப்பைக்கொண்டு நகரை உருவாக்கிய ஜார்ஜ் கோல்மனும் 1844இல் அங்கேதான் அடங்கினார். 1846இல் கேப்டன் ஃபேபர் கூர்வளைவு வைத்த கோதிக் பாணி வாயில்களை அமைத்தார். 1970களில் குன்றைப் பூங்காவாக்கியபோது கல்லறைகளை அகற்றி, மிஞ்சிய பலகைகளைச் செங்கல் மதிலுக்குள் பதித்துவிட்டார்கள். இன்று அங்கே புல்வெளியில் திருமணப் படம் எடுக்கிறார்கள், இசைக் கச்சேரி நடக்கிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் புல்வெளி இடுகாடாக இருந்தது என்பதற்கு நிலத்தில் எஞ்சியிருக்கும் முதன்மையான சான்று வாயில்களும் மதிலும்தான். மதிலையும் அன்று தட்டியிருந்தால் அறுநூறு பேரின் கதை ஆவணக் காப்பகத்துக் காகிதத்தோடு நின்றிருக்கும். கல்லைப் பெயர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய மருந்து. அதையே வழக்கமாக்கினால் இடத்தின் வரலாறு போய்விடும், அருங்காட்சியகப் பொருள்தான் மிஞ்சும்.

மலேசியாவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குப் பதிலாக வந்த தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. பாரம்பரிய ஆணையர் ஓர் இடத்தைப் பதிவு செய்யலாம். ஆபத்து நெருங்கினால் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும் பிறப்பிக்கலாம். மலாக்காவுக்கு 1988 முதல் சொந்தச் சட்டம் உண்டு, பினாங்குக்கு 2011 முதல். ஜொகூரில் யாயாசான் வாரிசான் ஜொகூர் என்ற பாரம்பரிய அறக்கட்டளை இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால், ஆணையர் மாநில அரசைக் கலந்துதான் நடக்க முடியும். பதிவாகாத இடத்துக்கு நிலையான பாதுகாப்பும் இல்லை. கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் சண்டி என்ற பழங்கோவிலை நில மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளியது 2013 டிசம்பரில் வெளியே தெரிந்தபோது, அது தனியார் நிலம், கெஜட் செய்யப்படவில்லை என்பதுதான் அதிகாரத் தரப்பின் பதிலாக இருந்தது. ஆய்வாளர்கள் எண்ணிட்டு ஆராய்ந்த தொன்மையான வழிபாட்டிடத்துக்கே அந்தக் கதி. தோட்டப்புறத்தில் பெயரே இல்லாத ஒரு கல்மதிலின் கதியைச் சொல்லவா வேண்டும்?

இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஓட்டையை எளிய வழியில் அடைத்திருக்கிறது. பதிவான கட்டடத்தின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்து நிலத்தோடு சேர்ந்து நிற்கும் எதுவும் அந்தக் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். மதிலும் இதில் அடங்கும்; யாரும் தனியே மனுப் போட வேண்டியதில்லை. இந்தியா 2010இல் தன் சட்டத்தைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தையே தடுத்தது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றாக வேண்டும். இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது: நடுவிலுள்ள கட்டடம் பதிவானால்தான் ஓரத்திலுள்ள மதிலுக்கு நிழல். கட்டடமே இல்லாத இடத்தில் நிழல் ஏது? ஆகவே வெளிநாட்டு ஏற்பாட்டை அப்படியே கடன் வாங்கச் சொல்லமாட்டேன். நம் நாட்டுச் சட்டத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. தனிப் பாதுகாப்பு ஆணை இல்லாத மரத்துக்கும் இந்த விதி பொருந்தும். மரத்துக்கு இருக்கும் இந்த இயல்பான காப்பு நூறாண்டு மதிலுக்கு இல்லாதது விந்தையே.

இதற்கு எழும் எதிர்ப்புகளில் வலுவானது அரசியல் சார்ந்தது. படையெடுத்து வந்தவன் கட்டிய மதிலை, அதுவும் நம் முன்னோரின் வழிபாட்டிடத்துக் கல்லைப் பிடுங்கிக் கட்டிய மரபை, நம் வரிப்பணத்தில் ஏன் காக்க வேண்டும்? 1587இல் ஜொகூர் லாமாவை எரித்து அழித்தவர்களும் அதே போர்த்துக்கீசியர்தாமே என்று ஜொகூர்க்காரர் கேட்டால் தவறில்லை. ஆனால் கொள்ளையின் சான்றை அழித்தால் ஆதாயம் கொள்ளையடித்தவனுக்கே. கல் இருக்கும்வரை அது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். தவிர, அந்தக் காலம் முழுக்க முழுக்க அயலாருடையது என்று தள்ளிவிடவும் முடியாது. மலாக்காச் செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவில் 1781இல் எழுந்தது டச்சுக்காரர் ஆட்சியில், அவர்கள் தந்த நிலத்தில்தான். அந்த மண்ணில் நாமும் இருந்தோம், கட்டினோம், வணங்கினோம். மதிலைக் காப்பது அதைக் கட்டியவனுக்குப் போடும் மாலை ஆகாது.

பாதுகாப்பு என்ற பெயரிலேயே நடக்கும் அழிவு இடிப்பைவிட மோசமானது. ஏனென்றால் அதைச் செய்பவர் நல்லது செய்வதாகவே நம்புகிறார். செம்புராங்கல் நீரை உறிஞ்சி வெளியே விடும் கல். பழைய கொத்தர்கள் அதைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். சாந்து கல்லைவிட மென்மையாக இருந்ததால் ஈரமும் உப்பும் சாந்து வழியே வெளியேறின. காலப்போக்கில் சாந்துதான் உதிர்ந்தது, கல் பிழைத்தது. இணைப்புகளில் சிமெண்டைத் திணித்தால் இந்த வழி அடைபடுகிறது. ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் நாட்டில் உள்ளே நுழைந்த நீர் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். கல்லின் முகம் செதில் செதிலாக உரிந்து, கடைசியில் சிமெண்டு வரம்புகள் மட்டும் சிலந்திவலை போலத் துருத்திக்கொண்டு நிற்கும். கூரையில்லாத மதிலுக்கு ஆபத்து உச்சியில் தொடங்குகிறது. மேல்வரிசைக் கல்லின் இடுக்கில் தேங்கும் நீரில் பறவை போட்ட ஆல விதையோ அரச விதையோ முளைத்துவிடும். அதை வேரோடு பிடுங்கினால் மதிலும் கூட வரும். அடியில் அறுத்து, வேரைச் சாகவிட்டு, இடுக்கைச் சுண்ணாம்பால் அடைத்து, மதிலின் தலைப்பில் நீர் வழியச் சரிவு கொடுப்பதே முறை. செலவு பெரிதில்லை. தெரிந்த கொத்தனாரும் பொறுமையும்தான் வேண்டும்.

இன்னொரு முனையில் இருப்பது அளவுக்கு மீறிய ஆர்வம். 2006இல் மலாக்காவில் சுழல் கோபுரம் கட்டத் தோண்டியபோது டச்சுக் காலத்து மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்த முடிவைப் பாராட்டியே ஆக வேண்டும். பிறகு அந்த அடித்தளத்தின்மேல் கொத்தளத்தையே புதிதாக எழுப்பி, பீரங்கிகளை வைத்தார்கள். அகழ்ந்து கண்ட இடிபாட்டை மறுகட்டுமானம் செய்யக்கூடாது, ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை என்பதால் இந்த அளவுகோல் நமக்குப் பொருந்தாது என்று சொல்ல முடியாது. புதிய கொத்தளத்தால் சுற்றுலாப் பயணி கோட்டையின் பருமனை உணர்கிறார் என்பது உண்மை. எது 1600களின் கல், எது நம் காலத்துக் கல் என்று அவரால் பிரித்தறிய முடியாது என்பதும் உண்மைதான். மேலே குன்றில், எதையும் கூட்டாமல் நிற்கும் மொட்டை மதில்தான் நம்பத் தகுந்த சாட்சி என்பது என் தீர்ப்பு.

செனாய்க்கு இதில் என்ன வேலை? செனாய்–ஸ்கூடாய் வட்டாரம் 2006இல் தொடங்கிய இஸ்கண்டார் மலேசியா வளர்ச்சித் திட்டத்தின் ஐந்து முதன்மை மண்டலங்களில் ஒன்று. ரப்பரும் பின்னர் செம்பனையும் நின்ற நிலத்தில் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் கிடங்குகளும் வந்துகொண்டிருக்கின்றன. தோட்டம் துண்டாடப்படும்போது கோவில் பற்றிப் பேச ஆள் உண்டு, பள்ளி பற்றிப் பேச ஆள் உண்டு. தோட்டத்து இடுகாட்டையும் அதன் எல்லைச் சுவரையும் பற்றிப் பேச யார் வருகிறார்கள்? மலாக்காவின் மதிலுக்கு யுனெஸ்கோவே காவல். இங்கே பாட்டன் பாட்டியைப் புதைத்த இடத்தின் எல்லைக்கல்லுக்கு ஒரு வரிப் பதிவுகூட எளிதில் அமையாது. நிலத்தின் விலை என்ன, வளர்ச்சியைத் தடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சுலபம்: மதில் நிலத்தின் நடுவில் நிற்பதில்லை, ஓரத்தில்தான் நிற்கிறது. எந்த மேம்பாட்டாளருக்கும் எப்படியும் ஒரு வேலி தேவை. பதிவு செய்யப்போவதாகச் சொன்னாலே இரவோடு இரவாக இடித்துவிடுவார்கள் என்ற அச்சம் இதைவிட உண்மையானது. அதனால்தான் ஒவ்வொரு மதிலுக்கும் தனித்தனியாக அறிவிப்பு விடுவதைவிட, மரத்துக்கு இருப்பதுபோன்ற பொது விதி வேண்டும் என்கிறேன். கல்லறைத் தோட்டம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும், 1957க்கு முற்பட்ட அதன் மதிலை எழுத்துமூல அனுமதியின்றி இடிக்கவோ சிமெண்டு பூசவோ கூடாது என்று விதி இருந்தால், முந்திக்கொண்டு இடிப்பதில் ஆதாயம் இராது.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. கூலாய் நகராண்மைக் கழகம் அடுத்த முறை உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, தங்கள் வட்டாரத்துப் பழைய இடுகாடுகளையும் அவற்றின் மதில்களையும் வரைபடத்தில் குறிக்கும்படி கோவில் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் எழுத்தில் கேட்கலாம். ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. அதற்குமுன் நிர்வாகத்தினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மதிலை நான்கு பக்கமும் அளந்து, ஒவ்வொரு முழத்துக்கும் படம் எடுத்து, கல்லிலுள்ள பெயர்களைப் படியெடுத்து, ஒரு பிரதியை யாயாசான் வாரிசான் ஜொகூருக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு வெள்ளையடிக்கும்போது சிமெண்டு மூட்டையைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.